புகலிடமும் பொதுமன்றமும்



மேலைநாட்டு நகரங்களில் தன்பாலீர்ப்பினர் கூடும் மதுவிடுதிகள், உலகெங்கும் ‘கே பார்’ என்று வழங்கப்படும் அவ்விடங்கள், சமூகத்தின் அங்கீகாரம் வளர வளர எவ்வாறு உருமாறி வருகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒருபால் திருமணம் சட்டமாகிவிட்டது. அமைச்சர்களும் நீதிபதிகளும் தம் துணைவரைப் பொது விழாக்களுக்கு வெளிப்படையாக அழைத்து வருகிறார்கள். காதலர் இருவர், அவர்கள் ஆடவராயினும் பெண்டிராயினும், எந்த உணவுவிடுதியிலும் அருகருகே அமர்ந்து உண்ணலாம். இந்நிலையில், அச்சம் ஆட்சி செய்த காலத்தில் தோன்றிய அவ்விடுதிகளால் இனி என்ன பிரயோஜனம் என்னும் வினா அந்நாடுகளில் எழுந்திருக்கிறது. இதுபற்றி நான் கொண்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சத்தால் ஒதுங்கிய புகலிடம் விருப்பத்தால் கூடும் பொதுமன்றமாக வளர்வதே அங்கீகாரத்தின் மெய்யான பயன். அம்மன்றம் இருந்த இடம் தெரியாமல் மறைவதை அங்கீகாரத்தின் வெற்றியாகக் கொள்வது பெரும் பிழை. இம்முடிவுக்கு என்னைக் கொண்டுவந்த சரித்திரத்தை இனி முறைப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறியாக வேண்டும். மதுவிலக்கை அறமாகப் போற்றிய தலைவர்களின் மரபில் வந்தவர்கள் நாம். கள்ளுக்கடைகளால் நிலைகுலைந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். குடிக்கும் இடத்தைச் சமூக ஸ்தாபனமென்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் மதுவிடுதியானது ஊரார் கூடும் இடமாக நெடுங்காலம் இருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொழிற்சங்கங்களும் பரஸ்பர சகாய சங்கங்களும் அவற்றின் மாடியறைகளிலேதான் கூடித் தம் காரியங்களைப் பேசின. அங்ஙனம் கூடிய தொழிலாளிக்குக் கோயிலும் இல்லமும் வேலைத்தலமும் வேறாக இருந்தன. தன்பாலீர்ப்பினருக்கோ அவை யாவுமே மூடிக் கிடந்தன. தேவாலயம் அவர்களைப் பாவிகள் என்றது. மருத்துவம் நோயாளிகள் என்றது. சட்டம் குற்றவாளிகள் என்றது. பெற்ற தாய்தந்தையரே வாயில் கதவைச் சாத்தினர். உன் இயல்பு என்ன என்று கேளாமல், கையிலுள்ள காசை மட்டும் பார்த்து உள்ளே விட்ட ஒரே இடம் மதுக்கடையாக இருந்தது. அவர்கள் மதுவைத் தேடிச் சென்றதைக் காட்டிலும் மனிதரைத் தேடிச் சென்றதே மிகுதி. மனிதர் கூடுவதற்கு வேறிடம் கொடாத சமூகம், மதுக்கடையில் கூடியதற்காக அவர்களைப் பழிப்பது தர்மமாகாது.

அக்கூட்டங்களின் முதற்காலத்தை ஒளிந்து வாழ்ந்த காலம் என்றே கூறலாம். 1726-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவொன்றில், லண்டன் ஹோல்பர்ன் பகுதியில் மார்கரெட் கிளாப் என்னும் பெண்மணி நடத்திவந்த இல்லத்தினுள் அதிகாரிகள் புகுந்து, அங்கே கூடிப் பேசியும் ஆடியும் மகிழ்ந்திருந்த ஆடவர் ஏறத்தாழ 40 பேரைப் பிடித்துச் சென்றனர். அதைத் தொடர்ந்து நடந்த விசாரணைகளின் முடிவில் மூவர் அவ்வாண்டு மே மாதத்தில் டைபர்ன் தூக்குமேடையில் உயிர் துறந்தனர். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1934-இல் லண்டன் எண்டெல் தெருவில் இயங்கிய கேரவன் கிளப் என்னும் நிலவறைக் கூடத்தைக் காவலர் சோதனையிட்டு மூடினர். தூக்குக் கயிறு போய்ச் சிறைச்சாலை வந்திருந்தது. அவமானம் மட்டும் அப்படியே இருந்தது. பெயர் வெளியானவன் வேலையை இழந்தான். வேலையை இழந்தவன் ஊரை விட்டகன்றான். சிலர் உயிரையே விட்டனர்.

அமெரிக்காவில் இக்கொடுமை வேறொரு வழியில் நிகழ்ந்தது. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபின், மது விற்கும் உரிமத்தை வழங்கவும் பறிக்கவும் பல மாகாணங்களில் அதிகார சபைகள் ஏற்பட்டன. நியூயார்க்கின் சபையோ, ஒழுங்கற்ற இடமாக விடுதியை நடத்தக்கூடாது என்னும் விதியைக் கொண்டு, தன்பாலீர்ப்பினர் வந்து அமர்வதே ஒழுங்கீனம் என்று வியாக்கியானம் செய்தது. இதனால் விளைந்தது யாது? சட்டத்துக்கு அஞ்சிய நல்ல வியாபாரி அவர்களை வெளியே தள்ளினான். சட்டத்துக்கு அஞ்சாத குற்றக்கும்பல் அவர்களை உள்ளே அழைத்தது. கிரெனிச் வில்லேஜ் பகுதியில், கிறிஸ்டோபர் தெரு 53-ஆம் எண் கட்டடத்தில், 1967-இல் மாஃபியா கூட்டத்தார் திறந்த ஸ்டோன்வால் இன் என்னும் விடுதி இதற்குத் தக்க சான்று. உரிமம் இல்லை, மதுக் கோப்பைகளைக் கழுவ முறையான தண்ணீர்க் குழாய்கூட இல்லை, நீர் கலந்த மதுவுக்கு மிகுந்த விலை, காவலருக்கு வாரந்தோறும் கையூட்டு. காவலர் வருவதாகத் தெரிந்தால் கூடத்தில் வெள்ளை விளக்குகள் எரியும். உடனே ஆடிக்கொண்டிருந்தவர்கள் கைகளை விடுவித்துக்கொண்டு அந்நியரைப் போல் விலகி நிற்க வேண்டும். இத்தகைய இழிவான இடத்தையும் தம் வீடாக எண்ணி இளைஞர்கள் நாள்தோறும் வந்தார்கள் என்றால், வெளியே அவர்களுக்கு எத்தகைய உலகம் காத்திருந்தது என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

ஆயினும் அஞ்சிக் கூடிய அவ்விடத்திலேயே அச்சம் நீங்கும் வழியும் பிறந்தது. தனித்தனியே இருந்தபோது, தன்னைப் போன்றவர் உலகில் வேறெவரும் இல்லை என்று நம்பி வெம்பிய மனிதன், நூறு பேரை ஒரே கூடத்தில் கண்டபோது, தான் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதை அறிந்தான். அந்த அறிவு வந்தபின் நியாயம் கேட்கும் துணிவும் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிளாக் கேட் என்னும் விடுதியின் உரிமையாளர் ஸோல் ஸ்டூமென், தன்பாலீர்ப்பினர் வருகிறார்கள் என்பதற்காக உரிமத்தைப் பறித்ததை எதிர்த்து வழக்காடி, அவர்கள் ஓரிடத்தில் கூடுவது மட்டுமே குற்றமாகாது என்னும் தீர்ப்பைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்திடம் 1951-இல் பெற்றார். அவ்விடுதியிலேயே உணவு பரிமாறியும் இசை நாடகங்களைப் பகடியாகப் பாடி நடித்தும் புகழ்பெற்ற ஹோஸே ஸாரியா, 1961-இல் நகரசபைத் தேர்தலில் நின்று 5,000-க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். தம் இயல்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் மனிதர் அவரே என்பர். தோற்றாரெனினும், இம்மக்கள் ஒரு வாக்குத் தொகுதி என்பதை நகரத்து அரசியல்வாதிகள் அன்று கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1962-இல், அந்நகரத்து விடுதிக்காரர்கள் டேவர்ன் கில்ட் என்னும் சங்கத்தை நிறுவித் தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்கினர்.

நியூயார்க்கில் 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் நிகழ்ந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. தன்பாலீர்ப்பினரின் உரிமைக்காக இயங்கிய மாட்டஷீன் சங்கத்தைச் சார்ந்த டிக் லீட்ஷ் முதலிய சில இளைஞர்கள், உடையிலும் நடையிலும் ஒரு குறையும் காண முடியாதபடி கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, பத்திரிகையாளரையும் உடனழைத்துக்கொண்டு விடுதி விடுதியாகச் சென்று, ‘நாங்கள் தன்பாலீர்ப்பினர், எங்களுக்கு மது தருவீர்களா?’ என்று கேட்டார்கள். ஜூலியஸ் என்னும் விடுதியில், பரிமாறுபவர் ஊற்றிய கோப்பையைக் கையால் மூடி மறுத்தார். அக்காட்சியைப் பிடித்த புகைப்படம் இன்றும் சரித்திர நூல்களில் இடம்பெறுகிறது. கறுப்பின மாணவர்கள் தெற்கு மாகாணங்களின் உணவுக்கடைகளில் உட்கார்ந்து நடத்திய சத்தியாக்கிரகத்தின் வழியைத்தான் இவர்களும் பின்பற்றினார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 1969 ஜூன் 28-ஆம் நாள் விடியற்காலையில் ஸ்டோன்வால் விடுதியைக் காவலர் சோதனையிட்டபோது, வழக்கம்போல் தலைகுனிந்து கலையாமல் மக்கள் தெருவிலேயே நின்று எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு பல இரவுகள் தொடர்ந்தது. முன்னணியில் நின்றவர்களுள் வீடற்ற இளைஞர்களும், பெண்ணுடை தரித்தோரும், கறுப்பினத்தவரும், போர்ட்டோ ரிக்கோவினரும் இருந்தனர். இழப்பதற்கு யாதுமில்லாதவர்களே எழுந்து நின்றனர். மறு ஆண்டு அந்நாளில் நடந்த ஊர்வலமே, இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் நடைபெறும் சுயமரியாதைப் பேரணிகளுக்கு மூலமாயிற்று.

இவ்விடுதிகள் மன்றங்களாக ஆற்றிய பணி, 1981-இல் எய்ட்ஸ் நோய் அறியப்பட்டதற்குப் பின் இன்னும் தெளிவாயிற்று. லண்டனில் ஹெவன் என்னும் நடனக்கூடத்தில் பணியாற்றிய டெரன்ஸ் ஹிகின்ஸ் அங்கேயே மயங்கி விழுந்து, 1982 ஜூலை 4-ஆம் நாள் காலமானார். அவர் பெயரால் நண்பர்கள் தொடங்கிய அறநிலையம் பிரிட்டனில் அந்நோய்க்கு எதிராக இன்றளவும் உழைத்து வருகிறது. அரசாங்கங்கள் வாய் திறக்கத் தயங்கிய ஆண்டுகளில், நோயைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் கிடைத்த இடமும், மருத்துவச் செலவுக்கு உண்டியல் குலுக்கிய இடமும், இறந்தவருக்காக அழுத இடமும் மதுவிடுதியாகவே இருந்தது. 1987 ஜனவரியில் தெற்கு லண்டனின் ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் விடுதியில் காவலர் நுழைந்தபோது, தொட்டால் நோய் ஒட்டுமென்று அஞ்சி, கைகளில் ரப்பர் உறை அணிந்து வந்தனர். அவ்வேளையில் மேடையில் லில்லி சாவேஜ் என்னும் பெண்வேடத்தில் நின்ற பால் ஓ’கிரேடியையும் அவர்கள் கைது செய்தனர். பின்னாளில் அவர் பிரிட்டன் முழுதும் இல்லந்தோறும் அறிந்த தொலைக்காட்சிக் கலைஞரானார் என்பது, அச்சமூகம் அத்தனை விரைவில் எவ்வளவு தூரம் வந்தது என்பதைக் காட்டும்.

இனி அங்கீகாரத்தின் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-இல் இயற்றிய சட்டம், 21 வயது நிறைந்த ஆடவர் இருவர் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமல்லவென்று ஆக்கியது. அச்சட்டம் அளித்தது பூட்டிய அறையின் சுதந்திரமே. தெருவின் சுதந்திரத்தையும் மன்றத்தின் சுதந்திரத்தையும் மக்கள் தாமே ஈட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாறு ஈட்டியதற்கு அடையாளமாக இரு கட்டடங்களைச் சொல்வேன். அக்காலத்து விடுதிகளின் சாளரங்கள் கறுப்பு வண்ணம் பூசப்பட்டோ பலகையடித்து மறைக்கப்பட்டோ இருக்க, சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் முனையில், 1972-இல் ட்வின் பீக்ஸ் என்னும் விடுதியை வாங்கிய இரு பெண்மணிகள், தெருவில் செல்வோர் யாவரும் உள்ளே அமர்ந்திருப்பவர் முகத்தைக் காணும்படி பெரிய கண்ணாடிச் சாளரங்களை அமைத்தார்கள். அன்றைய நிலையில் உள்ளே ஒருவரையொருவர் தொடவும் கூடாதென்று தாமே விதி செய்துகொண்டார்கள் என்றால், அத்துணிவின் அருமை விளங்கும். மான்செஸ்டரின் கால்வாய்த் தெருவில் 1990-இல் திறந்த மான்டோ விடுதியும் அவ்வாறே முகப்பைக் கண்ணாடியால் அமைத்தது. ‘எங்களைப் பாருங்கள், ஒளிய வேண்டிய குற்றம் எதையும் நாங்கள் செய்யவில்லை’ என்பதை அக்கட்டடங்கள் தம் அமைப்பினாலேயே பேசின.

சாளரம் திறந்தபின் மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். 1999 ஏப்ரல் 30-ஆம் நாள் மாலையில், லண்டன் ஸோஹோ பகுதியின் ஓல்ட் காம்ப்டன் தெருவிலுள்ள அட்மிரல் டங்கன் விடுதியில், வெறுப்பை மதமாகக் கொண்ட ஒருவன் வைத்த ஆணி நிறைந்த குண்டு வெடித்து மூவர் இறந்தனர். அம்மூவருள் ஒருவர், கணவரோடும் நண்பர்களோடும் மகிழ்ந்திருக்க வந்த கருவுற்ற இளம்பெண். மணமான தம்பதியர் தம் தன்பாலீர்ப்பு நண்பர்களோடு அங்கே அமர்ந்திருந்தனர் என்பது, அச்சமூகமும் பெருஞ்சமூகமும் எவ்வளவு இயல்பாகக் கலந்துவிட்டன என்பதற்குச் சாட்சி. கொல்ல வந்தவன் அக்கலப்பையும் சேர்த்தே கொல்ல முயன்றான். அங்கீகாரம் வளர்ந்துவிட்டதனால் பகை ஒழிந்தது என்று கருதுவோர்க்கு இதுவும், 2016 ஜூன் 12-ஆம் நாள் ஆர்லாண்டோ நகரத்துப் பல்ஸ் விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் தக்க விடைகள். ஒருபால் திருமண உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடெங்கும் நிலைநாட்டிய 2015 ஜூன் 26-ஆம் நாளுக்குப் பின் ஓராண்டுகூட முழுமையாக நிறைவதற்குள் இக்கொடுமை நிகழ்ந்தது. அத்தீர்ப்பு வந்த மாலையில் மக்கள் மகிழ்ச்சியோடு சென்று கூடிய இடம் ஸ்டோன்வால் விடுதியின் வாயில். பல்ஸ் படுகொலைக்குப்பின் அழுது கூடியதும் அதே வாயில். மகிழ்ச்சியாயினும் துக்கமாயினும், சென்று நிற்க ஓரிடம் வேண்டும் என்பதை மனித இருதயம் அறிந்திருக்கிறது.

ஆனால் இதே காலத்தில்தான் அவ்விடங்கள் வேகமாகக் குறைந்தன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2006-ஆம் ஆண்டு முதல் 2017 வரையில் லண்டனில் இத்தகைய இடங்களில் 58 சதவீதம் மறைந்தன. அமெரிக்காவில், பயண வழிகாட்டி நூல்களின் பட்டியல்களைக் கொண்டு கிரெகர் மாட்ஸன் என்னும் சமூகவியல் பேராசிரியர் கணக்கிட்டதில், 2007-க்கும் 2019-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. எங்கும் செல்லும் உரிமை வந்துவிட்டதால் ஓரிடத்துக்கே செல்லும் அவசியம் நீங்கியது என்பது ஒன்று. 2009-இல் வந்த கிரைண்டர் முதலிய கைப்பேசிச் செயலிகளால், துணையைத் தேட விடுதிக்குச் செல்ல வேண்டியதில்லை என்பது இரண்டு. நிலத்தின் விலையும் வாடகையும் ஏறியது மூன்று. பத்திரிகைகள் முதலிரண்டையே விரும்பி எழுதின. உண்மையோ மூன்றாவதில் மிகுதியும் அடங்கியிருக்கிறது. வாராந்தோறும் பெருங்கூட்டம் திரண்ட லண்டன் அஸ்டோரியா அரங்கம் 2009-இல் மூடப்பட்டது கூட்டம் வராததால் அன்று. நிலத்தடி ரயில்பாதைக்காக அது இடிக்கப்பட்டது. கேம்டனின் பிளாக் கேப், ஹாக்னி சாலையின் ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ் ஆகிய பிரசித்தி பெற்ற விடுதிகள் 2015-இல் மூடப்பட்டபோது, அவற்றை நேசித்தவர்கள் வாயிலில் கூடிப் போராடினர். விருப்பமில்லாத இடத்துக்காக யாரும் போராடுவதில்லை.

மேலும், எவருடைய இடங்கள் முதலில் மறைந்தன என்று பார்ப்பதும் அவசியம். மாட்ஸனின் கணக்கில், தன்பாலீர்ப்புப் பெண்களின் விடுதிகள் பாதிக்கு மேல் குறைந்தன. வெள்ளையரல்லாதாருக்கான விடுதிகள் அதனினும் மிகுதியாகக் குறைந்தன. லண்டனின் செல்ஸி பகுதியில் பல பத்தாண்டுகள் பெண்களின் புகலாக விளங்கிய கேட்வேஸ் கிளப் 1985-இல் மூடியது. ஸோஹோவின் கேண்டி பார் 2014-இல் மூடியது. சான் பிரான்சிஸ்கோவின் லெக்சிங்டன் கிளப் 2015-இல் மூடியது. பெண்களுக்கு ஊதியம் குறைவு. ஆதலால் செலவிடும் பொருளும் குறைவு. கடனுக்கு வங்கிகள் காட்டும் தயவும் குறைவு. கலிபோர்னியாவில் 1971 வரை பெண்கள் மதுப் பரிமாறும் வேலை செய்வதையே சட்டம் தடுத்திருந்ததால், மாட்ஸ் என்னும் பெண்கள் விடுதியைத் தொடங்கிய ரிக்கி ஸ்டிரைக்கர் ஆடவரை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில், கறுப்பினப் பெண் என்பதால் மற்ற விடுதிகளின் வாயிலில் அவமதிக்கப்பட்ட ஜுவல் தாயிஸ் வில்லியம்ஸ், 1973-இல் கேட்ச் ஒன் என்னும் நடனக்கூடத்தைத் தாமே நிறுவி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, அதனருகே ஏழைகளுக்கான மருத்துவ நிலையமொன்றையும் அமைத்தார். அவர் அதை விட்டு விலகியதும் 2015-இலேயே. அங்கீகாரம் எல்லார்க்கும் ஒரே அளவில் வந்து சேர்வதில்லை. செல்வமும் நிறமும் பாலும் பார்த்தே வருகிறது. ‘இனி இவ்விடங்கள் வேண்டா’ என்று சொல்வோர் பெரும்பாலும் எவ்விடத்திலும் வரவேற்கப்படுவோரே ஆவர்.

நம் நாட்டவரின் அனுபவமும் இதனையே காட்டுகிறது. லண்டனில் வாழும் தெற்காசியத் தன்பாலீர்ப்பினர், வெள்ளையரின் விடுதிகளில் அந்நியராகவும் தம்மவரின் வீடுகளில் குற்றவாளிகளாகவும் இருந்த நிலையில், 1988-இல் சக்தி என்னும் அமைப்பைக் கண்டனர். 1995-இல் டி.ஜே. ரிதுவும் அவர் தோழி ரீட்டாவும் கிளப் காளி என்னும் நடன இரவைத் தொடங்கினர். நிரந்தரக் கட்டடம் இல்லாமல், வாடகைக்கு எடுத்த கூடத்தில், பாங்க்ரா தாளமும் இந்தித் திரைப்பாடலும் ஒலிக்க, புடவை உடுத்தியும் குர்த்தா அணிந்தும் அவர்கள் கூடினார்கள். தன் தாய் முணுமுணுத்த பாடலுக்கே தன் காதலரோடு ஆடும் உரிமையை அங்கே வந்த ஒருவர் பெற்றார் என்றால், அது பொது அங்கீகாரம் எதனாலும் தர இயலாத பேறு. இவ்விதம் ஓர் இரவு மட்டும் கூடிக் கலையும் கூட்டங்களே இன்று பல நகரங்களில் பெருகி வருகின்றன. அவை நிலையான விடுதிகளின் வாரிசுகள் என்றே கருதத்தக்கவை.

மற்றொரு மாறுதலையும் கூற வேண்டும். பெருநகரங்களில் எஞ்சிய விடுதிகளுக்கு விருந்தினர் வெள்ளம் பெருகியது; மணமகளாகப் போகும் பெண்கள் தோழியரோடு கேளிக்கைக்கு வந்து குவிந்தார்கள். தாம் மணந்துகொள்ளச் சட்டம் இடந்தராத மக்களின் நடுவே, மணக்கோலத்தின் மகிழ்ச்சியைக் கொண்டாடுவது எத்துணை நோவு தரும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. கலிபோர்னியாவின் மேற்கு ஹாலிவுட்டில் உள்ள ஆபி என்னும் விடுதி, எல்லார்க்கும் திருமண உரிமை வரும்வரை அத்தகைய கொண்டாட்டங்களுக்கு இடமில்லை என்று 2012-இல் அறிவித்தது. அதே வேளையில், அமெரிக்காவின் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள விடுதிகளைக் கண்டு வந்த மாட்ஸன் வேறொரு காட்சியை விவரிக்கிறார். அடுத்த விடுதிக்குச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியோட்ட வேண்டிய அவ்வூர்களில், அவ்விடமே ஆடவர், பெண்டிர், திருநர், அவர்தம் உடன்பிறந்தார், நண்பர் ஆகிய அனைவரையும் ஒன்றாக ஏற்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞனுக்கு ஆலோசனை கூறுவதும் அதுவே. விருந்தாளி இல்லத்தாரின் கௌரவத்தை அறிந்து நடந்தால் இல்லம் சிறக்கும். தன் வேடிக்கைக்காக வந்தால் இல்லத்தார் வெளியேற நேரும். கலந்து வாழ்தலின் இலக்கணம் இதுதான்.

அன்பர்களே, இதுவரை கூறியவற்றிலிருந்து என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். உலகில் பிற சிறுபான்மையோருக்கும் இச்சமூகத்துக்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. மொழியாலோ சமயத்தாலோ சிறுபான்மையினராகப் பிறந்த குழந்தை, தன் மரபைத் தாய்மடியிலேயே கற்கிறது. ஊரார் இகழ்ந்தாலும், வீடு திரும்பியதும் அதனைத் தேற்றித் தன் முன்னோரின் பெருமையைச் சொல்லித்தரப் பாட்டனும் பாட்டியும் இருக்கிறார்கள். தன்பாலீர்ப்புடைய குழந்தையோ, தன்னைப் போலல்லாத பெற்றோர்க்குப் பிறந்து, தன்னைப் போன்ற மூதாதையரை அறியாமலே வளர்கிறது. பெற்றோர் எத்துணை அன்புடையவராயினும், தாம் வாழாத வாழ்வின் அனுபவத்தை அவர்களால் கற்பிக்க முடியாது. அக்கல்வியை அளிக்க, வயது முதிர்ந்தவரும் இளையவரும், பணக்காரரும் ஏழையும், கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே அமரும் ஒரு கூடம் வேண்டும். எழுபது வயதான ஒருவர் தம் நண்பர்களை நோய்க்குப் பறிகொடுத்த கதையைச் சொல்ல, இருபது வயது இளைஞன் அருகிலிருந்து கேட்கும்போதுதான் ஒரு மக்கட்கூட்டம் தன் சரித்திரத்தை உடைமையாகப் பெறுகிறது. கைப்பேசிச் செயலி, நாம் விரும்புவோரை மட்டும் நம்முன் நிறுத்தும். நாம் தேடாதவரையும் சந்திக்க வைத்து, அவரிடமிருந்து கற்கவும் அவருக்கு உதவவும் செய்வது கூடமொன்றே. சட்டம் தனி மனிதனுக்கு உரிமை தரலாம். சமூகமாய் வாழும் கலையை மன்றமே தரும்.

இதனை உணர்ந்தோர் செயலில் இறங்கியிருப்பது நம்பிக்கை ஊட்டுகிறது. ரப்பர் உறையணிந்த காவலர் புகுந்த அதே ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன், 2015-இல், தன்பாலீர்ப்பினர் சரித்திரத்தில் அதற்குள்ள சிறப்புக்காகவே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் அக்காரணத்துக்காக அச்சிறப்பைப் பெற்ற முதற்கட்டடம் அதுவே. ஸ்டோன்வால் 2016-இல் அமெரிக்காவின் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2019-இல் நியூயார்க் காவல்துறை ஆணையர் தம் துறையினர் அங்கே செய்த தவற்றுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ் இருந்த நிலத்தில் புதிய மாளிகை கட்ட முனைந்தவர்களுக்கு, அங்கே இச்சமூகத்துக்கான விடுதி ஒன்றும் அமைய வேண்டும் என்று டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சி 2017-இல் நிபந்தனை விதித்தது. மதுவின் தீமையை அறிந்து, மதுவில்லாத கூடங்களையும் இச்சமூகத்தினரே நாடுகிறார்கள். துன்பத்தை மறக்கக் குடித்துக் கெட்டவர்கள் பலரைத் தம் நடுவே கண்டவர்கள் அவர்கள். 2021 டிசம்பரில் லண்டனில் திறந்த சமூக நிலையம், தேநீரும் காப்பியும் பருகியபடி எவ்வளவு நேரமும் அமர்ந்திருக்கும் இடமாக அமைந்தது. மதுவிடுதி என்னும் வடிவம் மாறலாம்; சிற்றுண்டிச்சாலையாகவோ நூலகமாகவோ நாடக அரங்காகவோ அது பிறப்பெடுக்கலாம். கூடும் உரிமையும் கூடுவதற்கான இடமும் நிலைபெற வேண்டும் என்பதே என் வாதம்.

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் அமைதியுறுவதற்கில்லை. ஆங்கிலேயர் தம் நாட்டுச் சட்டத்தின் மனப்பான்மையை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377-ஆவது பிரிவாக நமக்கு விட்டுச் சென்றனர். அவர்கள் தம் சட்டத்தைத் திருத்திக்கொண்டு அரை நூற்றாண்டு கழிந்தபின், 2018 செப்டம்பர் 6-ஆம் நாளில்தான் நம் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவை அப்பிரிவின் பிடியினின்று விடுவித்தது. இங்கிலாந்தின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே, அத்தீர்ப்பும் பூட்டிய அறையின் கதவை நமக்குத் திறந்துவிட்டது. மன்றத்தின் கதவைத் திறப்பது குடிமக்களாகிய நம் கையில் இருக்கிறது. நம் நகரங்களில் இம்மக்கள் கூடுவதற்கு மதுக்கடையைத் தேடிச் செல்ல வேண்டிய நிலை வருமுன்பே, படிப்பகங்களும் கல்லூரிக் கூடங்களும் நாடக அரங்குகளும் இத்தகைய சங்கங்களின் கூட்ட அறைகளும் அவர்களுக்குத் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும். மேலைநாட்டார் இருநூறு ஆண்டுகளாக இழைத்த தவற்றை நாமும் இழைத்துப் பின்னர் மன்னிப்புக் கோர வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு சமூகம் தன் சிறுபான்மையை ஏற்றுக்கொண்டதா என்பதற்கு நான் கூறும் அளவுகோல் இதுவே: அவர்களை நம் வீட்டு விருந்துக்கு அழைப்பதோடு அமையாமல், அவர்கள் தம் வீட்டைத் தாமே நடத்தவும், அங்கே நாம் அழைக்கப்பட்டபோது மரியாதையோடு செல்லவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோமா? அவ்வாறு ஆயத்தமாக உள்ள சங்கங்களுள் இம்மன்றமும் ஒன்றாக வேண்டும் என்றும், உங்கள் கூட்ட அறையை மாதம் ஒருமுறையேனும் அவர்களுக்கு அளிக்கும் தீர்மானத்தை நிர்வாகக் குழு விரைவில் நிறைவேற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.